வாடகை வீட்டுச் சுவரில் இரண்டு ஆண்டுகள்: கமாண்ட் பட்டைகளைக் கழற்றிய பிறகு எழுதும் விமர்சனம்

போன சனிக்கிழமை சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம். அதற்கு முந்தின நாள் முழுக்க எனக்கு ஒரே வேலைதான், இரண்டு ஆண்டுகளாகச் சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவது. மொத்தம் 26 இடம். அதில் 23 இடத்தில் அங்கே ஏதோ ஒட்டியிருந்தது என்ற அடையாளமே இல்லை, மூன்று இடத்தில் பெயிண்ட் உரிந்து வந்தது. அந்த மூன்று இடம் ஏன் உரிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் நான் படித்த விமர்சனம் எல்லாமே ஒட்டிய அன்றைக்கோ அதற்கு அடுத்த வாரமோ எழுதியவை, நன்றாக நிற்கிறது, ஐந்து நட்சத்திரம், அவ்வளவுதான். கழற்றும்போது என்ன ஆனது என்று எழுதியவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது அதுதானே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணி இல்லாமல் படத்தைச் சுவரில் ஒட்டி மாட்ட உதவும் 3எம் நிறுவனத்தின் கமாண்ட் படப் பட்டைகள் நல்ல பொருள். மறுபடியும் வாங்குவேன், புது வீட்டுக்கு ஏற்கெனவே வாங்கியும் விட்டேன். ஆனால் எந்தப் பட்டையாக இருந்தாலும் அது ஒட்டுவது சுவரில் இல்லை, சுவருக்கு மேலே இருக்கும் பெயிண்டில். அந்தப் பெயிண்ட் கீழே இருக்கும் பழைய பெயிண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது பட்டியை (சுவரைச் சமப்படுத்தப் பூசும் கலவை), பட்டி கான்கிரீட்டை. இதில் எந்த அடுக்கு பலவீனமோ அது முதலில் கையோடு வரும். எனவே பட்டைக்கு மதிப்பெண் போடுவதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவருக்கு ஒரு மதிப்பெண் போட்டுப் பாருங்கள், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடு, பன்னிரண்டாவது மாடி, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். எங்கள் ஒப்பந்தத்தில் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் சுவரில் ஆணி அடிக்கவோ துளை போடவோ கூடாது என்றும், காலி செய்யும்போது இயல்பான தேய்மானம் போக மற்றதெல்லாம் பழைய நிலையில் இருக்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருந்தது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இப்படித்தான் இருக்கும், கையெழுத்துப் போடும்போது யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மா நல்லவர், கேட்டிருந்தால் நாலு ஆணிக்குச் சம்மதித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வீவக வீட்டின் கான்கிரீட் சுவரில் சாதாரண சுத்தியலும் ஆணியும் வேலைக்கு ஆகாது, ஆணி வளையும், சுவர் சிதறும், டிரில் வேண்டும், டிரில் போட்டால் காலி செய்யும்போது பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். இத்தனையும் எதற்கு என்று ஒட்டும் வழிக்கே போனோம். பட்டை ஒட்டப்போகிறேன் என்பதை மட்டும் வாட்சப்பில் அவரிடம் கேட்டு, "சரி, சுவர் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஒட்டுவதற்கும் சம்மதம் வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கிறது, கேட்டுவிடுவது நல்லது.

மாட்டியவை என்னென்ன என்றால், திருமணப் படங்கள் ஆறு, மகள் வரைந்ததில் அவளே தேர்ந்தெடுத்த ஏழு ஓவியங்கள், நண்பர் ஒருவர் எடுத்த தேக்கா (லிட்டில் இந்தியா) தெருக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் நான்கு, ஒரு பெரிய கோலப் படம், பூஜை இடத்தில் சாமி படங்கள் மூன்று, அப்புறம் தாத்தா பாட்டி படம், ஒரு கடிகாரம், இன்னும் சில்லறையாகச் சில. இவற்றைத் தவிர அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட தஞ்சாவூர் ஓவியம் ஒன்று. அதைச் சுவரில் ஒட்டவே இல்லை, அந்தக் கதை பிறகு.

முதல் வேலை எடை பார்ப்பது. ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை போடக் கைத்தராசு ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதுவேதான். படத்தின் பின்பக்கக் கம்பியில் கொக்கியை மாட்டித் தூக்கினால் எடை தெரிந்துவிடும். கம்பி இல்லாத படத்தை ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கினேன். நான் ஒரு கிலோ இருக்கும் என்று நினைத்த கோலப் படம் மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது, தயவுசெய்து தூக்கிப் பாருங்கள்.

கமாண்ட் படப் பட்டையில் இரண்டு பாதி. ஒன்று படச்சட்டத்தில் ஒட்டும், இன்னொன்று சுவரில், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பிடித்துக்கொள்ளும், அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். பெரிய அளவுப் பட்டையில் நான்கு ஜோடி சேர்ந்து 7.2 கிலோ தாங்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறார்கள், நடுத்தர அளவில் நான்கு ஜோடிக்கு 5.4 கிலோ. நான் எந்தப் படத்துக்கும் அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் ஏற்றவில்லை. இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், மழை நாளில் நூறைத் தொடும், அப்படிப்பட்ட ஊரில் பாக்கெட்டில் போட்ட எண்ணை எல்லையாக வைத்துக்கொண்டு அதற்குள் தாராளமாக நிற்பதுதான் நிம்மதி. மூன்று கிலோ கோலப் படத்துக்குப் பெரிய பட்டை நான்கு ஜோடி. இரண்டு ஆண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை.

ஒட்டும் முறையைப் பாக்கெட்டின் பின்னால் படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள், பொடி எழுத்து என்று நாம் தள்ளிவிடுகிறோம். அதில் நான்கு விஷயம் உயிர்நாடி. முதலாவது, சுவரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். வீட்டில் தரை துடைக்கும் திரவம், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது, அவை ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டுப் போகும். ஊசி போடும் முன் தடவுவார்களே, அந்த மாதிரிச் சிறு ஆல்கஹால் துணித் துண்டுகள் மருந்துக்கடையில் பெட்டியாகக் கிடைக்கும், அது போதும். இரண்டாவது, சுவரில் அழுத்தி 30 விநாடி பிடிக்க வேண்டும், நிஜமாகவே முப்பது எண்ண வேண்டும். மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது இதைத்தான், ஒட்டியவுடன் படத்தைக் கீழ்ப்பக்கமிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்துவிட்டு, சுவரில் இருக்கும் பாதிகளை மறுபடி ஒவ்வொன்றாக 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் விட்டு அதன் பிறகுதான் படத்தை மாட்ட வேண்டும். பசை சுவரின் மேடு பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்க அந்த நேரம் தேவை. நான்காவது, புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் குறைந்தது ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

இதோடு எங்கே ஒட்டக் கூடாது என்றும் சொல்கிறார்கள். சுவர்க்காகிதம், செங்கல், சொரசொரப்பான சுவர் வேண்டாம். கட்டிலுக்கு மேலே வேண்டாம். விலைமதிப்புள்ள, திரும்பக் கிடைக்காத பொருளை இதில் தொங்கவிட வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் சூடாகும் இடமும் ஆகாது, மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் மாலை வெயில் நேராக விழும் சுவரைத் தொட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். தன் பொருள் எங்கே தோற்கும் என்று பாக்கெட்டிலேயே எழுதி வைக்கும் நிறுவனத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

இந்த நிறுவனத்துக்கும் பெயிண்டுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவில் கார்களுக்கு இரண்டு வண்ணம் அடிப்பது நாகரிகமாக இருந்த காலத்தில், ஓரம் பிரிக்க ஒட்டிய டேப் கழற்றும்போது புதுப் பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்ததாம். பெயிண்டர்கள் அதில் நொந்துபோனதைப் பார்த்துவிட்டு 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் உருவாக்கியதுதான் மாஸ்கிங் டேப். கமாண்ட் பட்டை 1996இல் வந்தது. நூறு ஆண்டாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும், எப்படி? வாடகை வீட்டுக்காரர்களான நமக்கும் அதே கேள்விதான்.

விலை குறைவு இல்லை. பெரிய பட்டை நான்கு ஜோடி உள்ள பாக்கெட் பத்து வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி வரும், கடைக்குக் கடை மாறும். முஸ்தபா கடையில் வன்பொருள் பகுதியில் கிடைக்கும், பேரங்காடிகளிலும் உண்டு, ஷாப்பி, லசாடா இணையக் கடைகளில் பெரிய விற்பனை நாட்களில் மொத்தமாக வாங்கினால் குறையும். எனக்கு இரண்டு ஆண்டில் மொத்தம் எண்பது வெள்ளிக்கு அருகே ஆனது. பட்டை ஒருமுறைதான் பயன்படும், படத்தை இடம் மாற்றினால் புதுப் பட்டை. மனைவி ஹாலை மூன்று முறை மாற்றி அமைத்தார், அதில் போனது கணிசம். இதற்கு நாங்கள் பிறகு கண்டுபிடித்த வழி, படத்தின் அளவுக்குப் பழைய செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பார்ப்பது. கண்ணுக்குப் பழகிய பிறகு பட்டையை எடுத்தால் போதும்.

எடையைக் குறைத்தது படக்கடையில். தேக்காவில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை, பெயர் சொல்லவில்லை, அந்த அண்ணனிடம் ஒட்டப்போகிறேன் என்றதும் "தம்பி, கண்ணாடி போட்டா வெயிட்டு, அக்ரிலிக் போட்டுக்கிறியா?" என்று அவரே கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ2 அளவுப் படத்துக்கு 2 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 1.25 கிலோ, அதே தடிமன் அக்ரிலிக், அதாவது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தகடு, 600 கிராம். பாதிக்கும் கீழே. மேலே இருந்து விழுந்தாலும் அக்ரிலிக் உடைந்து காலில் ஏறாது, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இந்த ஒரு காரணமே போதும். கீறல் விழும் என்பது உண்மை, மென்மையான துணியால் மட்டும் துடைக்க வேண்டும். அவர் சொன்ன இன்னொன்று, "படத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல மவுண்ட் அட்டை போட்டுடு, இந்த ஊர்க் காத்துக்குப் படம் ஒட்டிக்கும்." அட்டை போடாமல் பழைய சட்டத்திலேயே விட்ட திருமணப் படம் ஒன்று முதல் ஆண்டிலேயே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, இனி அதைப் பிரிக்க முடியாது. அட்டை போட்டவை எல்லாம் புதுசு மாதிரி இருக்கின்றன. அந்த அண்ணனுக்கு என் முழு மதிப்பெண்.

இப்போது விழுந்த கதை. நாங்கள் குடிவந்தது அக்டோபரில். அவசரத்தில் முதல் இரண்டு படத்துக்கு இணையத்தில் வாங்கிய, பெயர் தெரியாத தடித்த டபுள் சைடு டேப்பை ஒட்டினேன், சுவர் கெடாது என்று படத்தோடு விளம்பரம் போட்டிருந்தார்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டிய ஒரு வாரம், ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம், விடிகாலை மூன்று மணிக்கு ஹாலில் ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் தாத்தா பாட்டி படம் தரையில், கண்ணாடி சுக்கல். நல்லவேளை மகள் அறையை விட்டு வரவில்லை. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று எனக்கு வந்த நடுக்கம் போக நெடுநேரம் ஆனது, அவர்கள் இருவரும் இப்போது இல்லை, அந்தப் படத்துக்கு நெகட்டிவும் இல்லை. இரண்டாவது டேப்பை நானே கழற்ற முயன்றேன், மேல்பாகம் பஞ்சு மாதிரி கிழிந்து வந்தது, அடிப்பசை சுவரிலேயே கறுப்பாகத் தங்கிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நீல நிறக் களிமண் மாதிரிப் பசை ஒன்றும் மகளின் ஓவியத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தேன், சில மாதத்தில் காகிதத்திலும் சுவரிலும் எண்ணெய்க் கறை வட்டம் வட்டமாக இறங்கியது. காகிதத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

மகளின் ஓவியங்களுக்குப் பிறகு வாஷி டேப்தான். ஜப்பானியக் காகித டேப், டைசோ கடையில் இரண்டு வெள்ளி சொச்சம், பூப்போட்டது கோடு போட்டது என்று நிறைய. சட்டமில்லாத காகிதத்தைச் சுற்றி நான்கு ஓரமும் ஒட்டினால் அதுவே சட்டம் மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் ஒட்டும், மாதம் ஒருமுறை இந்த வேலை இருக்கும். கழற்றும்போது ஒரு தடமும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் வெடிகுண்டுப் புகலிடத்தின் கதவு. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இந்தச் சிறு அறை இருக்கும், எல்லோரும் அரிசி மூட்டையும் பெட்டியும் போட்டு வைக்கிறோம். அதன் கதவு எஃகு! காந்தம் பிடிக்கும்! இது தெரிந்ததும் மகளின் ஓவியக்கூடம் அங்கேதான் ஆனது. சின்னச் சின்னக் காந்தம், வாராவாரம் படம் மாறும், சுவருக்கு ஒன்றும் இல்லை. புகலிடத்தின் சுவரைத் தொடவே இல்லை, அதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் தனி விதிகள் இருக்கின்றன, கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டுத் தன் பேரனுக்கும் அப்படியே செய்தார்.

கலம்காரித் துணி ஒன்றை மாட்ட, உள்ளே சுருள்வில் இருக்கும் திரைக்கம்பி வாங்கினேன், திருகினால் நீண்டு இரண்டு சுவருக்கு நடுவே இறுகிக்கொள்ளும். படுக்கையறைக்குப் போகும் குறுகிய நடையின் முடிவில் அதைப் போட்டுத் துணியைத் தொங்கவிட்டோம், வீட்டிலேயே அழகான இடம் அதுதான் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கம்பியின் இரு முனையிலும் ரப்பர் இருக்கும், அந்த ரப்பர் நாளாவட்டத்தில் வெள்ளைச் சுவரில் சாம்பல் வட்டம் போடும், முனைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு வெள்ளைத் துணி வையுங்கள். நான்கு சிறு ஊசி ஆணி வைத்த பிளாஸ்டிக் கொக்கியும் கடையில் உண்டு, அது துளை போடுகிறது, சின்னதாக இருந்தாலும் துளை துளைதான், நான் தொடவில்லை.

தஞ்சாவூர் ஓவியம். மரப்பலகை, மேலே தங்கத்தாள் வேலை, கண்ணாடி, தேக்குச் சட்டம், தராசில் ஆறு கிலோவைத் தாண்டியது. எண்ணைப் பார்த்தால் பெரிய பட்டை தாங்கும் அளவுதான். ஆனால் அம்மா அதைத் தொலைபேசியில் விசாரிக்காத வாரம் இல்லை, "கிருஷ்ணர் எப்படி இருக்கார்?" என்றுதான் பேச்சையே தொடங்குவார். திரும்பக் கிடைக்காத பொருளை ஒட்ட வேண்டாம் என்று பாக்கெட்டே சொல்லும்போது நான் எதற்கு விஷப்பரீட்சை செய்ய வேண்டும்? இடுப்பளவு உயர அலமாரி மேல், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டு, சுவரில் சாய்த்து வைத்தேன், மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் மெத்தென்ற துணி ஒட்டு இரண்டு. குளிர்சாதனக் காற்று நேராகப் படாத, வெயில் விழாத சுவர். பெரிய படத்தைச் சாய்த்து வைப்பதில் ஒரு குறையும் இல்லை, கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது எதிரே அவர்தான் இருப்பார்.

பூஜை இடத்தில் ஒரு பாடம் கிடைத்தது. பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினமும் விளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இரண்டு ஆண்டு. படத்தைக் கழற்றியபோது படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை, சுற்றிலும் மஞ்சள் பாரித்திருந்தது. ஒட்டிய தடம் இல்லை, ஆனால் படத்தின் நிழல் சுவரில் நிற்கிறது. பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்து, மென்மையான ஸ்பாஞ்சைப் பிழிந்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்ததில் பெரும்பாலும் போய்விட்டது. புது வீட்டில் விளக்குக்குப் பின்னால் ஒரு அக்ரிலிக் தகடைச் சாய்த்து வைக்கப்போகிறேன். சமையலறைச் சுவருக்கும் இதே கதை, தாளிக்கும் எண்ணெய்ப்புகை கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும், அங்கே எதை ஒட்டினாலும் வழுக்கிக்கொண்டுதான் வரும்.

கழற்றிய நாளுக்கு வருகிறேன். படத்தைக் கீழ்விளிம்பில் பிடித்துத் தன்னை நோக்கி மெதுவாகத் தூக்கினால் இரண்டு பாதியும் பிரியும். சுவரில் இருக்கும் பாதிக்குக் கீழே ஒரு சின்ன நாக்கு தொங்கும். ஒரு விரலால் பட்டையை லேசாக, அழுத்தாமல் தொட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அந்த நாக்கைச் சுவரோடு சுவராக நேர் கீழே இழுக்க வேண்டும். மெதுவாக, நிறுத்தாமல். பட்டை ரப்பர் மாதிரி நீள்கிறது, இன்னும் நீள்கிறது, நீள நீள மெலிகிறது, மெலிய மெலியப் பசை ஓரத்திலிருந்து தானாகவே சுவரை விடுகிறது, கடைசியில் சத்தமில்லாமல் கையில் வந்துவிடுகிறது. முதல் பட்டை அப்படி வந்தபோது நான் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்று இடம். முதலாவது, உதவிக்கு வந்த மச்சான் வேகத்தில் நாக்கைத் தன் பக்கமாக இழுத்துவிட்டார். "மாப்பிள்ளை, பெயிண்டோட வருதே!" என்று அவர் சொல்வதற்குள் ஐம்பது காசு அளவுக்கு உரிந்துவிட்டது. கீழே இழுத்தால் பட்டை நீண்டு மெலிந்து சுவரை விடுகிறது, வெளியே இழுத்தால் விசை ஒரே கோட்டில் குவிந்து பெயிண்டைத் தூக்குகிறது. இது கையின் தவறு. மற்ற இரண்டும் நடைச் சுவரில், நேர் கீழேதான் இழுத்தேன், இரண்டு ஆண்டுக்கு முன் பாக்கெட்டில் சொன்னபடிதான் ஒட்டியிருந்தேன், இருந்தும் மேல் பெயிண்ட் தாள் மாதிரி எழுந்து வந்தது. உரிந்த துண்டின் பின்பக்கத்தை விரலால் தேய்த்தேன், வெள்ளைத் தூள். எங்களுக்கு வீட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த நடைக்கு மட்டும் யாரோ அவசரமாக, பழைய தூள்விடும் பெயிண்டைத் தேய்த்துக் கழுவாமல் அதன் மேலேயே ஒரு கோட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சுவரில் எந்த ஊர்ப் பட்டையை ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்.

இதைக் குடிவந்த அன்றே கண்டுபிடித்திருக்கலாம். கறுப்புத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள், துணியில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்தச் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள். தூள் ஒட்டவில்லை என்றால் அடுத்தது, கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் ஒரு விரல் நீளம் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டு உரியுங்கள். டேப்பில் பெயிண்ட் துணுக்கு வந்தால் அந்தச் சுவர் சாய்த்து வைக்கும் படங்களுக்கு மட்டும். வீட்டின் ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், எங்கள் வீட்டில் ஹால் உறுதியாக இருந்தது, பத்தடி தள்ளி நடை இப்படி.

ஒரு பட்டையின் நாக்கு அறுந்தும் போனது. பதறவில்லை, தலைமுடி உலர்த்தியால் அரை நிமிடம் சூடு காட்டிவிட்டு, பல் இடுக்கு நூலைப் பட்டைக்குப் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி இழுத்தேன், சுவர் தப்பித்தது.

உரிந்த மூன்று இடத்துக்கும் சின்ன டப்பா பட்டி வாங்கி, ஓரம் தேய்த்து, மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு வாங்கிய பெயிண்ட் நிற எண்ணைக் காட்டிக் கடையில் கலந்த ஒரு லிட்டர் வாங்கி அடித்தேன். முப்பது வெள்ளிக்குள். பெயிண்ட் நிற எண்ணைக் குடிவரும்போதே கேட்டு எழுதி வையுங்கள், வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கடைக்குப் போனால்தான் தெரியும். சாவி கொடுக்கும்போது உரிந்ததையும் சரிசெய்ததையும் நானே அவரிடம் காட்டினேன். குடிவந்த அன்று எடுத்த படங்களும் கைப்பேசியில் இருந்தன. அவர் கிட்டே போய்ப் பார்த்தார், விரலால் தடவினார், "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார், டெபாசிட்டில் பிடித்தம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் இப்படி அமையாது என்று தெரியும். நியாயமில்லாமல் பிடித்துவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே பேசப்போவதும் நீங்கள் முதல் நாள் எடுத்த படங்கள்தான்.

கமாண்ட் பட்டைக்கு ஐந்துக்கு நாலரை, அரை போனது ஒருமுறை பயன்பாடும் விலையும் காரணமாக. வாஷி டேப்புக்கு நாலு. புகலிடக் கதவுக்கும் காந்தத்துக்கும் ஐந்து. பெயர் தெரியாத அந்த டேப்புக்கு ஒன்றும் இல்லை.

இப்போது பொங்கோலில் இருக்கிறோம், படங்கள் எல்லாம் இன்னும் பெட்டியில். கறுப்புத் துணி பார்த்தாகிவிட்டது, சுத்தம். நேற்று இரவு நான்கு அறையிலும் கதவுக்குப் பின்னால் அறைக்கு ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டினோம், மகள் ஒவ்வொன்றிலும் பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறாள். இன்று இரவு உரித்துப் பார்க்க வேண்டும். முதலில் தாத்தா பாட்டி.